ஆயிரத்து நூறு எண்டு வாங்கின எஞ்சின்

எஞ்சின் இலக்கத் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று பழைய ரிவெட். மற்றது மூக்குக் கண்ணாடிக்குப் போடுவது போன்ற சின்ன ஸ்குரூ. வாங்குவதற்கு முன் நான் இதைக் கவனிக்கவில்லை. வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே, இரண்டு பழைய ரயர்களின் மேல் எஞ்சினை இறக்கி வைத்து, லொறிக்காரருக்குக் காசும் கொடுத்து அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது.

தகட்டில் இருந்தது 10எம்ஏ-யூ-எச், அதற்குப் பிறகு ஓர் இலக்கம். மொறிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்கள் இதை மந்திரம் மாதிரிச் சொல்லுவார்கள். 10 என்றால் 1098 சிசி, வாய்வழக்கில் ஆயிரத்து நூறு. எம் என்பது மொறிஸ். யூ என்றால் நடுவில் நிற்கும் கியர்க் கம்பு. எச் என்றால் அழுத்த விகிதம் கூடியது. குறைந்ததென்றால் எல் இருக்கும். 948 சிசி எஞ்சினில் இதுவே 9எம்-யூ-எச் என்று தொடங்கும். அதற்கும் முந்திய 803 சிசியில் ஏபிஎச்எம்.

எங்கள் கார் அப்பாவுடையது, 1959ஆம் ஆண்டு மைனர் 1000. அதில் பிறந்தபோதே இருந்தது 948. போன வருடம் சாவகச்சேரிக்குப் போய்த் திரும்பும் வழியில் பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்ரிங் ரொட் ஒன்று எஞ்சினின் உடம்பான புளொக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இனி அந்த எஞ்சினை வைத்து அழுது பிரயோசனம் இல்லை. வெளிமாவட்டத்தில் ஒருவர் "அசல் ஆயிரத்து நூறு, ஓடிக்கொண்டிருந்தது, கழற்றி வைச்சிருக்கிறன்" என்றார். 37 குதிரைவலுவுக்குப் பதிலாக 48 கிடைக்கப் போகிறதே என்று நான் ரோச் லைற்றைக்கூடக் கொண்டு போகாமல் வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள், அளக்காமல் வாங்கினேன் என்பதை மாணவர்களிடம் சொல்லவில்லை.

சந்தேகம் வந்த பிறகு முதலில் பார்த்தது கிளச். எஞ்சினோடு ஃபிளைவீலும் கிளச்சும் வந்திருந்தன. தட்டைக் கழற்றி விட்டத்தை அளந்தேன்: 159 மில்லிமீற்றர். அதாவது ஆறேகால் அங்குலம். 1098 மைனருக்கு ஏழேகால் அங்குலக் கிளச், 184 மில்லிமீற்றர் வர வேண்டும். ஆறேகால் என்பது 803க்கும் 948க்கும் உரியது.

கோண்டாவிலில் முன்பு கராச் வைத்திருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் விரலால் தடவியே போல்ற்றின் புரியைச் சொல்லுவார். அவரை ஓட்டோவில் கூட்டிவந்தேன். கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, எஞ்சினை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். இடது பக்கத்தில், மானிஃபோல்டுக்குக் கீழே விரல் நின்றது.

"பிள்ளை, இதில என்ன மூடியிருக்கு?"

இரண்டு நட் போட்டு மூடிய ஒரு அலுமினியத் தகடு. ஓரம் வெட்டுவாளால் அறுத்தது, அரம்கூடப் போடவில்லை. கழற்றினேன். உள்ளே வால்வுகளை இயக்கும் காம் ஷாவ்ற் தெரிந்தது. தகட்டுக்குப் பின்னால், புளொக்கின் முகத்தில், தகட்டின் வடிவத்துக்குப் பொருந்தாத இன்னொரு தடம் இருந்தது. பல வருடம் ஏதோ ஒரு சாமான் இறுக்கி இருந்த அடையாளம்.

மைனருக்குப் பெற்றோலை இழுத்துக் கொடுப்பது எஸ்யூ மின்பம்ப். அது எஞ்சினில் இருப்பதில்லை, எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். அதனால் மைனர் புளொக்கில் இந்த ஓட்டை ஃபக்ரரியிலேயே மூடப்பட்டு வரும். இதே ஏ வரிசை எஞ்சினைப் போட்ட ஒஸ்ரின் ஏ35 காரில் காம் ஷாவ்ற் தள்ளி ஓட்டும் பம்ப் இந்த இடத்தில்தான் உட்காரும். என் புளொக் ஏ35 இல் பிறந்திருக்க வேண்டும். முன் தட்டும் எண்ணெய்த் தொட்டியும் மைனருடையவை. அவை போல்ற் கழற்றி மாற்றக்கூடிய சாமான்கள்தானே.

"தகடு ஆரும் அடிக்கலாம்," என்றார் பெரியவர். "வார்ப்பில இருக்கிறதை ஆர் அழிக்கிறது? மேல் மூடியைக் கழட்டு."

ரொக்கர் மூடியைக் கழற்றினால் ஹெட்டின், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தின், மேற்புறத்தில் வார்ப்பு இலக்கம் தெரியும். தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது கறுப்புப் பிசின். மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் வைத்து அரை மணித்தியாலம் தேய்த்த பிறகு 12ஜி2 வரை வந்தது. அடுத்த இரண்டு இலக்கமும் மழுங்கிப் போயிருந்தன. இங்கேதான் ஆசை வேலை செய்யத் தொடங்கியது. 12ஜி202 என்றால் மொறிஸ் 1100 இலும் 1098 மைனரிலும் வந்த சாதாரண ஹெட். 12ஜி295 என்றால் எம்ஜி 1100 இலும் 998 மினி கூப்பரிலும் வந்தது. பெரிய வால்வ், தேடித் திரிகிறவர்கள் பலர். அந்த மழுங்கல் எனக்கு 95 மாதிரியே தெரிந்தது.

சின்ன வயதில் சதத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்போமே, அதைத்தான் செய்தேன். மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சரித்துப் பிடித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடுகூடத் தாளில் கறுப்பாக ஏறும். முதலில் ஒரு வட்டம், பிறகு வாத்துக் கழுத்து போல ஒரு வளைவு. 02. சரி, போகட்டும். உறுதிப்படுத்த ஒரு இன்லெற் வால்வைக் கழற்றித் தலையை அளந்தேன்: 29.4 மில்லிமீற்றர். 295 ஆக இருந்தால் 31 வந்திருக்கும். 948இன் சொந்த ஹெட்டாக இருந்தால் 27.8. ஆக, விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. ஹெட் மட்டும் ஆயிரத்து நூறு.

வால்வுகளை அழுத்தித் திறக்கும் ரொக்கர்களில் ஆறு, அடித்து வார்த்த கனமான பழைய வகை. இரண்டு, தகட்டை அழுத்தி எடுத்த பிந்திய வகை. சரிசெய்யும் ஸ்குரூ இரண்டிலும் இருப்பதால் ஓடும். ஆனால் பார்க்கவே ஒரு மாதிரி, பல்வரிசையில் இரண்டு தங்கப் பல் போல. அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

ஹெட்டைத் தூக்கினபோதுதான் உண்மையான கதை வந்தது. புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒழுகாமல் வைக்கும் காஸ்கற் ஒன்று புளொக்கில் ஒட்டி நின்றது. ஹெட்டிலும் ஒன்று ஒட்டி வந்தது. ஒன்று இரண்டாகப் பிரிந்ததாக்கும் என்று நினைத்தேன். இல்லை, இரண்டு முழுக் காஸ்கற். ஒன்றின் மேல் ஒன்று வைத்து இறுக்கியிருந்தார்கள். (பழைய காஸ்கற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். காய்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம். நன்றாக நனைத்து, முகமூடி போட்டு எடுங்கள்.)

பெரியவரின் கையில் கொடுத்தேன். இரண்டையும் விரலால் பிரித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"உது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின், பிள்ளை."

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துக் கடையில் வாங்கும் சாமான் மாதிரி ஆனது. சின்னப் போத்தலில், சொட்டுக் கணக்கில். ஏ40 சமசெட், மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் புகை மணம் மறக்காது. புதுக் கார்கள் பல அந்தச் சீவியத்துக்குச் சரிவரவில்லை. அழுத்தம் குறைந்த, பொறுமையான, 1950களின் எஞ்சின்களே தாக்குப்பிடித்தன.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு. நன்றாக அழுத்தினால் பொறி சரியான நேரத்தில் வந்தாலும் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவது போல அடிக்கும். அதற்குப் பொறியைப் பிந்தவிடலாம், அல்லது அழுத்தத்தைக் குறைக்கலாம். ஹெட்டை மாற்ற முடியாதவன் என்ன செய்வான்? இரண்டு காஸ்கற் போடுவான். பெர்கசன் ட்ரக்டரில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே அழுத்தம் குறைத்த எஞ்சின் ஃபக்ரரியில் இருந்தே வந்தது. இங்கே அதே காரியத்தை ஒரு மெக்கானிக் வீட்டு முற்றத்தில் செய்திருக்கிறார்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைப் பார்த்தபோது அந்த மெக்கானிக்கின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. லூகாஸ் 25டி4 வகை. உடம்பில் அடித்திருந்த திகதி 14 66, அதாவது 1966ஆம் ஆண்டின் 14ஆம் கிழமை. லூகாஸ் சாமான்களில் இந்தத் திகதி பெரும்பாலும் இருக்கும், டைனமோவிலும் பாருங்கள். கார் 59, புளொக் அந்தக் காலத்தது, இது 66. அதுவல்ல விசயம். டிஸ்ரிபியூற்றரின் கழுத்தில் உளியால் ஒரு கோடு. அதைப் பிடிக்கும் தட்டில் இரண்டு கோடு. ஒரு கோட்டுக்கு நேரே வைத்தால் பெற்றோல், மற்றதுக்கு நேரே திருப்பினால் மண்ணெண்ணெய். இரண்டு கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நெல்மணி அகலம்.

சரி, ஹெட் 1098, கிளச் 948, பம்ப் ஓட்டை ஏ35. அப்படியானால் புளொக் உண்மையில் என்ன? சிலிண்டர் விட்டத்தை அளந்தேன். 64.4 வந்தது, அடுத்ததில் 64.5. 1098இன் விட்டம் 64.58. 948இன் விட்டம் 62.94. ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது. அப்ப ஆயிரத்து நூறுதானா? கிளச்சை மட்டும் யாரோ மாற்றிவிட்டார்களா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். 948ஐ அறுபது தவ் வரை, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு கடைந்தால் விட்டம் 62.94 இலிருந்து 64.46 ஆகிவிடும். 1098க்கும் அதற்கும் வித்தியாசம் 0.12 மில்லிமீற்றர். தேய்ந்த சிலிண்டரில், என்னிடம் இருக்கிற சாதாரண வேர்னியரால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. விட்டம் பொய் சொல்லும். ஆனால் பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரத்தைக் கடைந்து மாற்ற முடியாது, அதைத் தீர்மானிப்பது பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்.

பிஸ்ரனை மேலே கொண்டுவந்து, புளொக்கின் முகத்தில் இருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று வேர்னியரின் வாலால் அளந்தேன். பிறகு கிராங்கைத் திருப்பி அடியில் நிறுத்தி மறுபடி அளந்தேன். கழித்தால் 76 மில்லிமீற்றரும் கொஞ்சமும். மூன்று தரம் அளந்தும் அதேதான். 948இன் தூரம் 76.2. 1098க்கு 83.72 வர வேண்டும். ஏழரை மில்லிமீற்றர் வித்தியாசத்தை அடிமட்டத்தாலேயே கண்டுபிடிக்கலாம். பிளக் ஓட்டைக்குள் கம்பி விட்டும் அளக்கலாம்தான், ஆனால் இந்த ஹெட்டில் பிளக் சரிந்து நிற்பதால் கம்பி வளையும், கணக்கும் வளையும்.

பிறகு பிஸ்ரன் தலையில் இருந்த கரியைத் துணியால் துடைத்தேன். முதலிலேயே துடைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. கரிக்குக் கீழே தெளிவாக 060. நாலு பிஸ்ரனிலும்.

கணக்குப் போட்டால் 995 சிசி. ஃபக்ரரியில் ஒருநாளும் செய்யாத அளவு. இனிக் கடையவும் சதை இல்லை. அடுத்த தரம் சிலிண்டருக்குள் புது உருளை இறக்கும் ஸ்லீவ்தான். தொட்டியைக் கழற்றி பெயரிங்கையும் பார்த்தேன். முதுகில் 020 அடித்திருந்தது, கிராங்க் பின் 40.7 மில்லிமீற்றர். 41.28இல் இருந்து ஒருமுறை கடைந்த கிராங்க், கணக்குச் சரி. (803 ஆக இருந்தால் பின் 36.5 தான் இருந்திருக்கும்.) பெயரிங் நான் பயந்த அளவுக்குத் தேயவில்லை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து எண்ணெயோடு கலந்துவிடும். "அந்த நாளில டிப்ஸ்ரிக்கில எண்ணெய் குறையேல்லை, கூடினது," என்றார் பெரியவர். கூடினதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களின் பெயரிங்தான் முதலில் போனது. இந்த எஞ்சினை வைத்திருந்தவர் எண்ணெயை அடிக்கடி மாற்றியிருக்கிறார்.

இத்தனை கலப்பையும் அப்படியே பூட்டினால் அழுத்தம் எவ்வளவு? இதை ஊகிக்கப் பிடிக்கவில்லை. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, ஒரு எரியறையின் மேல் கிறீஸ் பூசி, ஓட்டை போட்ட பேர்ஸ்பெக்ஸ் துண்டை ஒட்டினேன். மருந்துக் கடையில் வாங்கிய 20 மில்லிலீற்றர் சிறிஞ்சால் மண்ணெண்ணெயை நிரப்பினேன். காற்றுக் குமிழ் போகும்வரை ஹெட்டைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும். 26 சிசி பிடித்தது. பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடத்தையும் இதே முறையில் அளக்க 5 சிசி. நசுங்கிய காஸ்கற் ஒன்று ஏறக்குறைய 3 சிசி. மொத்தம் 34. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 248.7. இரண்டையும் கூட்டி 34ஆல் பிரித்தால் 8.3. இரண்டு காஸ்கற் போட்டால் 7.7.

8.3 என்பது 948இன் உயர் அழுத்த எஞ்சினுக்கு ஃபக்ரரி கொடுத்த அதே விகிதம்! 1098 ஹெட்டின் எரியறை கொஞ்சம் பெரிது, கடைந்த சிலிண்டரும் கொஞ்சம் பெரிது, ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டன. இப்போது கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு ஒரு பயமும் இல்லை. ஆகவே ஒரே காஸ்கற்.

கார்பரேற்றர் எஸ்யூ எச்எஸ்2. பெற்றோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை உருவிப் பார்த்தால் அடியில் ஏஎன் என்று எழுத்து. 1098 மைனருக்கு உரிய ஊசி. 948க்கு எம். ஆனால் நுனிப் பக்கம் எமரித் தாள் போட்ட கீறல்கள், மண்ணெண்ணெய்க்காக மெலிய வைத்திருக்கிறார்கள். இப்போதுதான் எனக்கு முழுப் படமும் பிடிபட்டது. எங்கேயோ ஒரு 1098 மைனர் செத்திருக்கிறது. அதன் ஹெட், கார்பரேற்றர், இலக்கத் தகடு மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டு ஒரு ஏ35 புளொக்கில் வந்து குடியேறியிருக்கின்றன. தகட்டை மாற்றியவர் ஏமாற்றவேண்டும் என்று செய்தாரா, பதிவுப் புத்தகத்தில் இருக்கிற இலக்கத்தோடு ஓட வேண்டும் என்று செய்தாரா, தெரியாது. எனக்கு விற்றவர்மேல் கோபம்தான். தகட்டை மாற்றியவர்மேல் அவ்வளவாக இல்லை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கத்தைத் திருத்துவது தனிக் கதை. அதற்கான கடதாசிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. என் காரின் கியர்பொக்ஸ் 948க்கு உரிய வழுவழுப்பான கூடு. 1098க்கு வந்தது வரி வரியாக வார்த்த கூடு, பெரிய கிளச்சோடு. விற்றவர் உண்மையாகவே ஆயிரத்து நூறைத் தந்திருந்தால் கியர்பொக்ஸையும் தேடி அலைந்திருப்பேன். பொய் சொன்னதால் எஞ்சின் நேரே பூட்டுப்பட்டது.

பூட்டும்போது மிஞ்சிய தொல்லை போல்ற்றுகளால் வந்தது. இந்த எஞ்சினில் பெரும்பாலும் யூஎன்எஃப் என்ற அங்குலப் புரி. தண்ணீர்ப் பம்பில் இரண்டு போல்ற்றுக்கு அரை அங்குல ஸ்பானர் ஏறவில்லை, 13 மில்லிமீற்றர் சரியாக உட்கார்ந்தது. அரை அங்குலம் 12.7. அங்குலக் காரில் 13ஆம் ஸ்பானர் இறுக்கமாகப் பொருந்தினால் நெற்றியைச் சுருக்க வேண்டும். 5/16 போல்ற் 7.94 மில்லிமீற்றர், எம்8 எட்டு. தடிப்பில் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும், புரியின் இடைவெளி வேறு. ஒன்று 1.06, மற்றது 1.25. யாரோ பலத்தால் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு ஓட்டையிலும் புரி மாவாகிப் போயிருந்தது, சுருள் கம்பி போட்டுத்தான் எடுத்தேன்.

எண்ணெய்ப் பம்பை மட்டும் பூட்டுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். அதைக் காம் ஷாவ்ற் திருப்பும் முறை எல்லா ஏ வரிசை எஞ்சினிலும் ஒன்றல்ல. சிலவற்றில் பின் குத்தித் திருப்பும், சிலவற்றில் காடிக்குள் நாக்கு விழும். கலந்துவிட்டால் எண்ணெய் அழுத்தம் இல்லாமலே எஞ்சின் ஓடத் தொடங்கும். என்னுடையதில் இரண்டு பக்கமும் பின். தப்பினேன்.

போன ஞாயிறு பின்னேரம் ஸ்ரார்ட் பண்ணினோம். எம் ஊசி புதிதாகப் போட்டு, வால்வ் இடைவெளி 12 தவ், பிளக் 25 தவ், பொறி 1-3-4-2. டிஸ்ரிபியூற்றரைப் பெற்றோல் கோட்டுக்கு நேரே வைத்தேன். லைற் வைத்துச் சரிபார்த்தபோது கோடு ஒரு பாகைகூடப் பிசகவில்லை. மற்றக் கோட்டை அரம் போட்டு அழிக்கட்டுமா என்று கேட்டேன். "விடு, கிடக்கட்டும்," என்றார் பெரியவர். போன தரம் பெற்றோல் வரிசையில் நின்றது 2022இல். கிடக்கட்டும்தான்.

இப்போது ஒழுகுவது ஓரிடம் மட்டும், ரைமிங் மூடியின் முன்பக்கம். மூடி ரப்பர் சீல் போட்ட பிந்திய வகை. உள்ளே கிராங்கில் இருக்கும் எண்ணெய் வீசும் தட்டு கம்பளிச் சீல் காலத்துப் பழையது. இரண்டும் சோடியாகத்தான் வேலை செய்யும். முகத்தில் எஃப் என்று எழுதிய பிந்திய தட்டு ஒன்று தேவை. கீழே மாஜரின் ரின் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குக் கால்வாசி நிரம்புகிறது.